கொலோம்பாவின் சுவர்

ரிவாசெக்கா,
12 மே 1963

அன்புத் தங்கச்சி கொலோம்பாவுக்கு,

ஏ பிள்ளே, எப்படி இருக்கிறாய்? சாப்பிட்டாயா, தூங்கினாயா? மாப்பிள்ளை எவாசியோ சுகமா? நான் மாதா புண்ணியத்தில் நன்றாக இருக்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். மூன்று வருஷம் பள்ளிக்கூடம் போனவன் எழுத்து நம் ஊர்ப் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கித்தான் வரும்.

முக்கியமான சேதி ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் எலுமிச்சம்பழக் கதையைக் கேள். போன வாரம் கூடையிலிருந்து ஒரு பழம் கை தவறியது. உருண்டது பார், கிழவன் பார்த்தோலோவின் மலைத்தோட்ட அடுக்கைத் தாண்டி, அதற்குக் கீழே, அதற்கும் கீழே, எட்டு அடுக்கு இறங்கி, கோயில் வாசலில் சாமியார் காலடியில் போய் நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்து, "என்ன ஜெரோலமோ, பூசைக்குத்தான் வர்றதில்ல, காணிக்கையையாவது கையில கொண்டாந்து குடுக்கப்படாதா?" என்று கத்தினார். மலை முழுக்கச் சிரித்தது.

உங்கள் ஊரில் எலுமிச்சம்பழம் விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடக்குமாமே? நாற்பத்திரண்டு வயசில் எனக்கு அந்த ஒன்றைப் பார்க்க ஆசை.

இப்போது சேதி. ஈஸ்டர் சமயத்தில் மிலான்காரர் ஒருவர் ரயிலில் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காலணி. லாசரோ அவர் பெட்டியைச் சுமந்துகொண்டு நம் வீட்டுக்கே ஏறி வந்துவிட்டான். ஸ்டேஷன் சுமைகாரன் லாசரோவைத்தான் உனக்குத் தெரியுமே, பெட்டியோடு வாயையும் சுமப்பவன். மிலான்காரர் நம் அடுப்படி ஜன்னலில் தலையை நீட்டி, "ஆகா, கடலைத் தவிர வேற ஒண்ணுமே தெரியலையே!" என்றார். "அதுதானுங்க என் வினையும்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. கோடைக்கு வந்து தங்க இந்த வீடு வேண்டுமாம். நல்ல விலை.

ஆனால் பின்பக்கம் போனவர், வீட்டுக்கு மேலே நிற்கும் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார். "நடுவுல புடைச்சு, இதுக்கு வயிறு வந்திருக்கே. யாரோட சுவர்?"

"என் தங்கச்சியோடது."

"அப்ப மேலடுக்கையும் சேர்த்துத்தான் வாங்குவேன். உங்க தங்கச்சி கையெழுத்து வேணும்."

நியாயம்தானே. அப்பா பிரித்துக் கொடுத்தபோது வீடும் கீழடுக்கும் எனக்கு, பதினோரு ஒலிவ மரமும் கல் குடிசையும் உள்ள மேலடுக்கு உனக்கு. மேல் மண் யாருடையதோ சுவரும் அவருடையது. அவர் வாய்ச்சொல் இல்லாமல் ஒரு கல்லைத் தொட்டாலும் அது மண்ணில் கைவைத்த மாதிரி. நான் கீழே நின்று உன் சுவரின் வயிற்றை அண்ணாந்து பார்த்துக்கொண்டு பதினாறு வருஷம் ஓட்டிவிட்டேன்.

நீ ஒரு கையெழுத்துப் போட்டால் நானும் உன் பக்கத்திலேயே ஓர் அறை பார்த்துக்கொண்டு வந்துவிடுவேன். சைக்கிளையும் எடுத்து வருவேன். ஆமாம், கோயில் பெருநாள் குலுக்கலில் பரிசாக விழுந்ததே, அதே சைக்கிள்தான். நாலு வருஷமாக அடுப்படிக் கொக்கியில் பூண்டு மாலைக்குப் பக்கத்தில் தொங்குகிறது. இந்த ஊரில் அதை வைத்து என்ன செய்ய? தரையில் வைத்தால் எலுமிச்சம்பழம் போன வழியில்தான் போகும்.

சீக்கிரம் எழுது.

உன் அண்ணன்,
ஜெரோலமோ


வெர்செல்லி பக்கம்,
9 ஜூன் 1963

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்தது. என் வீட்டுக்காரருக்குக் கண்ணாடி போட்டாலும் எழுத்து பிடிபடாது. உன் கடிதம் வந்தால் நான்தான் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். எலுமிச்சம்பழத்துக்குச் சிரித்தார். அதோடு கடிதம் முடிந்தது என்று சொல்லி மடித்து வைத்துவிட்டேன்.

இங்கே நாற்று வயலில் களை எடுப்பு நடக்கிறது. முழங்கால் வரை தண்ணீர், முதுகில் வெயில், காதில் கொசு. தலையை நிமிர்த்தினால் நாலு திசையும் வானம் தண்ணீரில் கிடக்கிறது. மூன்று மைலுக்கு அப்பால் போகிற மாட்டுவண்டியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். மூடுபனிக் காலத்தில்தான் ஒன்றும் தெரியாது, நீட்டிய கைகூடத் தெரியாது. அப்போது எல்லாரும் மூடுபனியைத் திட்டுவார்கள். நான் திட்டுவதில்லை.

அண்ணா, என்னால் கையெழுத்துப் போட முடியாது. காரணம் கேட்காதே. நீ வீட்டை விற்றுக்கொள், என் அடுக்கை மட்டும் விட்டுவிடு.

எழுத்து ஆடுகிறது என்றால் மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. வாய்க்கால் கரையில் விழுந்துவிட்டேன்.

உன் தங்கை,
கொலோம்பா


ரிவாசெக்கா,
20 ஆகஸ்ட் 1963

தங்கச்சிக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை என்றால் கோபம் என்று அர்த்தம். உனக்கே தெரிந்திருக்கும்.

என் அடுக்கை விட்டுவிடு என்கிறாய். சுவர் உன்னுடையது, அது நிற்பது என் தலைக்கு மேலே. உன் அடுக்கு இல்லாமல் இந்த வீட்டை யார் வாங்குவான்? நீ பத்தொன்பது வயசில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய், நல்லது. அப்பாவை யார் பார்த்தது, மழையில் கீழே இறங்கிய மண்ணை யார் முதுகில் சுமந்து மறுபடி மேலே ஏற்றியது? கணக்குக் கேட்கவில்லை. சொல்கிறேன், அவ்வளவுதான்.

இந்த ஊரைக் கொஞ்சம் நினைத்துப் பார். முன்னால் கடல், பின்னால் மலை. வலக்கைப் பக்கம் ஒரு குகை, இடக்கைப் பக்கம் ஒரு குகை. ரயில் ஒரு குகையிலிருந்து வெளியே வந்து ஒரு மூச்சு விட்டுவிட்டு அடுத்த குகைக்குள் புகுந்துவிடும். அந்த ஒரு மூச்சுதான் நம் ஊர். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு முந்நூற்று எண்பது படி. ஒரு படி குறையாது, நான் தினமும் எண்ணிப் பார்க்கிறேன். இந்தக் கோடையில் வந்த வெளியூர்க்காரர்கள் எல்லாம் சுவரோரம் நின்று படம் பிடிக்கிறார்கள். ஒரு அம்மாள் என்னைப் பார்த்து, "குடுத்துவெச்சவர் நீங்க" என்றாள். முதுகில் உரக்கூடை, வாயைத் திறக்க மூச்சில்லை. இல்லாவிட்டால் பதில் சொல்லியிருப்பேன்.

ஊரிலேயே தட்டையான இடம் ஒன்றுதான், ரயில் நடைமேடை. பெருநாள் அன்று சைக்கிளை இறக்கிக்கொண்டு போய் அதில் நூற்றிருபது எட்டு தள்ளிக்கொண்டு நடந்தேன். ஏறவில்லை. சும்மா பக்கத்தில் நடந்தேன். லாசரோ பார்த்துவிட்டு, "என்னண்ணே, கன்னுக்குட்டிய மேய்ச்சலுக்கு ஓட்டிட்டு வந்தியா?" என்றான்.

இன்னொன்று. மிலான்காரர் நவம்பரில் மறுபடி வருகிறார். அதற்குள் உன் மனசு மாறும் என்று நம்புகிறேன். சுவரையும் கொஞ்சம் அழகு செய்து வைத்திருக்கிறேன். பதறாதே, ஒரு கல்லையும் நகர்த்தவில்லை, மாதா மேல் சத்தியம். உன் வாய்ச்சொல் இல்லாமல் கல்லைத் தொடுவேனா? முகத்துக்கு மட்டும் சிமெண்டு பூசினேன், மேலிருந்து கீழ் வரை. வயிறு இப்போது கண்ணுக்கே தெரியவில்லை. லாசரோதான், "சுவருக்குப் பவுடர் போடுறியா? எப்ப கல்யாணம் அதுக்கு?" என்று கேட்டுக்கொண்டு போனான்.

உப்பு நெத்திலி ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன். கோபம் வேறு, நெத்திலி வேறு.

அண்ணன்


வெர்செல்லி பக்கம்,
15 செப்டம்பர் 1963

அண்ணா,

சிமெண்டு பூசினாயா? உனக்கு என்ன ஆயிற்று?

அப்பா சொன்னது எனக்கே நினைவிருக்கிறது, உனக்கு இல்லையா? மழைக்காலத்தில் நம் இரண்டு பேரையும் சுவருக்கு முன்னால் நிறுத்தி, கல் இடுக்கில் எல்லாம் தண்ணீர் ஒழுகுவதைக் காட்டுவாரே. "பாருங்கடா, சுவரு ஒண்ணுக்குப் போவுது. போகட்டும். மனுசனா இருந்தாலும் சுவரா இருந்தாலும் அடக்குனா வெடிச்சிரும்." நீ விழுந்து விழுந்து சிரித்ததில் அடி வாங்கினாய். கல்லைத் தொடக்கூடாது என்ற வழக்கத்தை ஏமாற்ற சிமெண்டைத் தடவினாய். மழைத் தண்ணீரை எப்படி ஏமாற்றப் போகிறாய்? மழைக்கு முன்னால் கொத்தி எடுத்துவிடு. அதற்கு என் வாய்ச்சொல் இருக்கிறது.

நெத்திலி வந்தது. உதடு பிளந்திருப்பதால் உப்பு எரிகிறது, அவர்தான் சாப்பிடுகிறார். அறுவடை வண்டியின் படியில் கால் வழுக்கி முகம் அடிபட விழுந்தேன். அதற்கு முந்தின வாரம் அடுப்படியில். வயசாகிறது போலிருக்கிறது.

என்மேல் கோபப்படாதே. எனக்கு அந்த அடுக்கு வேண்டும். கல் குடிசையின் கூரை இன்னும் இருக்கிறதா? அதை மட்டும் எழுது.

கொலோம்பா


ரிவாசெக்கா, என் அடுப்படியிலிருந்து,
6 நவம்பர் 1963

அன்புத் தங்கச்சிக்கு,

முதலில் ஒன்று. உயிரோடு இருக்கிறேன். இரண்டாவது, நீ சொன்னது சரி. மூன்றாவது, வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறேன், எழுத நேரம் நிறைய இருக்கிறது.

நான் கொத்தி எடுக்கவில்லை. மிலான்காரர் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், அப்புறம் எடுக்கலாம் என்று இருந்துவிட்டேன். ஐந்து நாள் மழை. தென்மேற்குக் காற்று கடலையே கிளப்பி ஜன்னலில் வீசியது. மற்றவர்கள் சுவரெல்லாம் இடுக்குக்கு இடுக்கு ஒழுகிக்கொண்டு நின்றன. உன் சுவர் மட்டும் ஒரு சொட்டு விடவில்லை. நேற்றுக் காலை ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தேன். பீரங்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். நம் வீட்டுக்கு ஒரே கதவு மலைப் பக்கம்தானே, அதைத் திறக்கப் போனேன், திறக்கவில்லை. பின்பக்கம் முழுக்க உன் சுவர் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு கல் பின்பக்க ஜன்னல் வழியாக உள்ளே வந்து, கீழே இறக்கி வைத்திருந்த சைக்கிளின் முன்சக்கரத்தை அப்பளமாக்கிவிட்டது.

கடல் பக்கத்து ஜன்னல் இருக்கிறது. அதன் கீழே நாலு ஆள் உயரப் பள்ளம். கீழடுக்கில் நின்று லாசரோ ஒலிவக்காய் உதிர்க்கும் கழியின் நுனியில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கட்டி நீட்டுகிறான்.

"அண்ணே, உள்ள எப்பிடி இருக்கு?"

"வா, வந்து பாரு."

"நான் எதுக்கு? ஒனக்குத்தான் கடலைத் தவிர ஒண்ணும் தெரியக்கூடாதுன்னு மிலான்காரர் வரம் குடுத்துட்டாரே!"

சிரித்தேன். அவன் போன பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மலைப் பக்கத்தில் ஆட்கள் கல் எடுக்கும் சத்தம் கேட்கிறது. நாளைக்குத்தான் கதவு திறக்குமாம்.

அடுத்த பக்கத்தை மாப்பிள்ளைக்கு வாசிக்காதே. மழையையும் சைக்கிளையும் வாசித்துவிட்டு, அதை அடுப்பில் போட்டுவிடு.

கொலோம்பா, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் உன் பழைய கடிதங்கள் கிடக்கும் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். பதினாறு வருஷக் கடிதம். இதற்கு முன்னால் ஒவ்வொன்றாக வந்தபோது வாசித்தேன், வைத்தேன். நேற்று எல்லாவற்றையும் ஒன்றாக வாசித்தேன். நீ வாய்க்கால் கரையில் விழுந்தாய். வண்டிப் படியில் விழுந்தாய். அடுப்படியில் மட்டும் நாலு தடவை. கிணற்றடியில், கோழிக்கூட்டில், ஒரு கிறிஸ்துமஸ் அன்று வாசலில். மற்றதையும் சேர்த்து மொத்தம் பதினான்கு.

எலுமிச்சம்பழம்கூட நிற்காத ஊரில் நாள் முழுக்கக் கூடை சுமந்து ஏறி இறங்குகிறேன். என் ஆயுசில் நான் விழுந்தது இரண்டே தடவை. அதில் ஒன்று குடித்துவிட்டு. அவ்வளவு தட்டையான ஊரில் நீ எப்படியம்மா பதினான்கு தடவை விழுவாய்?

நான் ஒரு மடையன். சுவரின் வயிறு என் கண்ணுக்குத் தெரிந்தது, இது தெரியவில்லை.

ஒரே வார்த்தை எழுது. ஆமாம் அல்லது இல்லை.

கல் குடிசைக்குக் கூரை இருக்கிறது. சுவர்தான் போயிற்று, குடிசை இரண்டு முழம் உள்ளே தள்ளி இருந்ததால் தப்பித்தது.

ஜெரோலமோ


வெர்செல்லி பக்கம்,
14 நவம்பர் 1963

அண்ணா,

ஆமாம். கல்யாணமான இரண்டாம் மாதத்திலிருந்து.

அப்பா அந்த அடுக்கை எனக்குத் தந்தபோது அதை வைத்து என்ன செய்வேன் என்று எல்லாரும் சிரித்தார்கள். நான் ஒன்றும் செய்யவில்லை. விழுந்த ஒவ்வொரு தடவையும், பதினோரு ஒலிவ மரமும் ஒரு குடிசையும் எனக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அங்கே போய் நின்றால் யார் வீட்டுக்கு வந்தாய் என்று எவரும் என்னைக் கேட்க முடியாது. அண்ணன் வீட்டுக்கு என்று வந்தால் கேட்பார்கள். அதனால்தான் கையெழுத்துப் போடவில்லை. உன்னை அங்கே கட்டிப்போட்டுவிட்டேன் என்று தெரியும். மன்னித்துக்கொள்.

வந்துவிடு என்று எழுதாதே. நீ இந்த ஊரைப் பார்த்ததில்லை. வாசலில் இறங்கி நடந்தால் மூன்று மைல் வரை முதுகு தெரியும். ஒளிய ஒரு மேடு கிடையாது, ஒரு திருப்பம் கிடையாது. வேலைக்குப் போகும்போது என் தோல் காலணியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறார். வீட்டில் இருப்பது மரக்கட்டைச் செருப்பு. இரண்டு எட்டு வைத்தால் பக்கத்துப் பண்ணைக்கே கேட்கும்.

இந்த வருஷம் மூடுபனி இன்னும் இறங்கவில்லை. எல்லாருக்கும் சந்தோஷம்.

இனி எழுதாதே. உன் போன கடிதத்தை வாசிக்கும்போது குரல் நடுங்கிவிட்டது. அவர் கவனித்தார். இப்போது பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வேன் என்கிறார்.

என் சுவரை எடுத்துக் கட்டு. வாய்ச்சொல் தந்தேன்.

கொலோம்பா


ரிவாசெக்கா,
29 நவம்பர் 1963

ஏ பிள்ளே, எப்படி இருக்கிறாய்? சாப்பிட்டாயா?

எழுதாதே என்றாய். இதைத் தபாலில் போடப் போவதில்லை, பயப்படாதே. பதினாறு வருஷப் பழக்கம், கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. எழுதி பிஸ்கட் டப்பாவில் வைத்துவிடுவேன்.

மிலான்காரர் வந்தார். வெள்ளைக் காலணியோடு கல்குவியல் மேல் நின்று, "பரவாயில்ல, விலையைக் கொஞ்சம் குறைச்சுக்கலாம். தங்கச்சி கையெழுத்து?" என்றார்.

"இது விக்கிறதுக்கில்லீங்க."

"போன தடவ வேற மாதிரி பேசினீங்களே?"

"போன தடவ சுவரு நின்னுது, எனக்குக் கண்ணு தெரியல. இப்ப சுவரு விழுந்துருச்சு, தெரியுது."

பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார். லாசரோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனவன், திரும்பி வந்து என்னோடு கல் எடுத்தான். அவன் வாயைத் திறக்காத ஒரு மணி நேரம் அது ஒன்றுதான். அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ரயிலில் யார் இறங்கினாலும் முதலில் பார்ப்பவன் அவன்தானே.

பொய் சொல்ல மாட்டேன். அவர் ரயில் குகைக்குள் போனபோது நடைமேடையில் நின்று பார்த்தேன். நானும் அதில் ஏறியிருக்கலாமே என்று தோன்றியது. இனி எனக்குக் கடலும் மலையும் இரண்டு குகையும்தான். சரி, யாராவது ஒருத்தர் இங்கே இருந்தால்தானே இன்னொருத்தர் வந்து சேர முடியும்.

சுவர் இடுப்பு உயரம் வந்துவிட்டது. வெறும் கல், ஒரு கரண்டி சிமெண்டு இல்லை. முந்தாநாள் தூறல் போட்டது, நன்றாக ஒழுகியது. அப்பாவை நினைத்துச் சிரித்தேன், இந்தத் தடவை அடிக்க யாரும் இல்லை. குடிசையில் ஒரு கட்டில் போட்டேன். அடுப்பு வைத்தேன். தாழ்ப்பாள் உள்பக்கம் வைத்தேன், உள்பக்கம் மட்டும்தான்.

சைக்கிள் சக்கரத்தையும் தட்டி நிமிர்த்திவிட்டேன். நேற்று நடைமேடையில் ஏறினேன். பதினோரு எட்டு தூரம் போனேன், கொலோம்பா! பிறகு விழுந்தேன். ஆக எனக்கு மூன்று. உங்கள் ஊரில் பெண்கள்கூட நன்றாக ஓட்டுவார்களாமே. ஒருநாள் நீ ஓட்டிக் காட்டு, நான் பின்னால் பிடித்துக்கொண்டு வருகிறேன்.

லாசரோ இன்றைக்குப் பழைய பேப்பர் ஒன்று கொண்டுவந்தான். நாலு நாளாக வடக்குச் சமவெளி முழுக்க மூடுபனியாம், பக்கத்தில் நிற்கிற ஆளே தெரியவில்லையாம், ரயிலெல்லாம் மூன்று மணி நேரம் தாமதமாம். எல்லாரும் திட்டுகிறார்கள் என்று போட்டிருக்கிறது. நான் எழுந்து போய் மாதா படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன்.

இதோ பதினோரு மணி வண்டி இப்போதுதான் போகிறது. அதுவும் தாமதம். லாசரோ கீழே இருந்து ஏதோ கத்துகிறான். இரு, என்ன என்று கேட்டு எழுதுகிறேன். "அண்ணே! அண்ணே, வெளிய வா!" என்கிறான். எந்த மிலான்காரனோ தெரியவில்லை. "பெட்டியில்லண்ணே, ஒரு துணி மூட்ட! தூக்கிட்டு வரேன்னா தர மாட்டேங்குது! யாரு வீட்டுக்கும்மான்னு கேட்டா, என் அடுக்குக்குங்குது!" என்கிறான். அவன் குரலுக்குப் பின்னால் வேறு ஏதோ கேட்கிறது, படிக்கட்டில், டக், டக் என்று, கல்லில் மரக்கட்டை மோதுகிற